காக்கி நிறமும் வீட்டுச் சாயத் தொழிலும்

போர்களின் காரணங்களையும் விளைவுகளையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆனால், அப்போர்களிற் பொருதோர் உடுத்திருந்த உடைக்கு நிறம் எங்கிருந்து வந்தது, அதனை யார் தோய்த்தனர் என்னும் வினாக்களுக்கு அந்நூல்களில் விடை காண்டல் அரிது. உடை சிறுபொருள் என எண்ணுதலே இதற்குக் காரணமாகலாம். எனினும், ஒருவன் வெளியே செல்லும்போது அணியும் மேலாடையின் நிறம், அவன் யார், யாருக்கு உரியவன் என்பதைத் தொலைவிலிருந்தே அறிவிக்கும் அடையாளமாகும். அமைதிக் காலத்தில் அவ்வடையாளம் மதிப்பைத் தரும். போர்க்காலத்தில் அஃது உயிரைக் காக்கவும் கூடும், உயிருக்கு இறுதியாகவும் கூடும்.

இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அமைவது காக்கி. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் காக்கி என்றதும் பொலிசாரின் உடையே நினைவுக்கு வரும். ஆதலின், இந்நிறம் ஏதோ ஓர் அரசாங்கம் ஆராய்ந்து தெரிந்து ஆணையிட்டு உண்டாக்கியதாதல் வேண்டும் எனக் கருதுவோர் பலர். வரலாறு காட்டும் செய்தி வேறு. காக்கி முதலில் ஆலையிற் பிறந்ததன்று, ஆணையாற் பிறந்ததுமன்று. ஆற்றங்கரையிலும், பாளையத்து அடுப்பிலும், கடைத்தெருச் சாயக்காரனின் தாழியிலும் பிறந்தது. அதனை அரசு ஒருமுறை கைவிட்டது. பின்னர் மீண்டும் நாடிற்று. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அதனை முற்றாக ஏற்றுக்கொண்டது. இத்தாமதத்துக்குக் காரணம் யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஈண்டு வீட்டுச் சாயம் எனப்படுவது, ஆலைக்கு வெளியே, கையிற் கிடைத்த பொருள்களைக் கொண்டு, உடையை உடுத்தவரோ அவரைச் சார்ந்தோரோ நிறம் மாற்றிக்கொண்ட முறையாகும்.

செம்மையும் வெண்மையும்

ஆங்கிலப் படைவீரனின் பழைய நிறம் சிவப்பு. 1645-ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றம் அமைத்த புதிய படையினர் சிவப்பு மேலங்கி அணிந்தனர். அதன் பின்னர் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்நிறமே நிலைபெற்றது. சாதாரண வீரனின் அங்கி மஞ்சிட்டி இனத்தைச் சேர்ந்த வேரினின்றும் பெறும் மங்கிய சிவப்பைக் கொண்டது. அதிகாரிகளின் அங்கியோ அமெரிக்கக் கள்ளிகளில் வாழும் கொச்சினீல் பூச்சியினின்றும் பெறும் ஒளிமிக்க சிவப்பைக் கொண்டது. நிறத்தின் வேறுபாடே தரத்தின் வேறுபாட்டை உணர்த்திற்று.

இத்துணைப் பளிச்சிடும் நிறத்தைப் போருக்குத் தெரிந்தெடுத்தது அறியாமையாலன்று. அக்காலத்துக் கரிய வெடிமருந்து வெடிக்கும்போது போர்க்களம் முழுவதும் புகை சூழும். அப்புகையினூடே நண்பரைப் பகைவரினின்றும் பிரித்தறிய ஒளிமிக்க நிறம் வேண்டியிருந்தது. துப்பாக்கிகளும் ஏறக்குறைய 100 யார் தூரத்துக்கு அப்பால் குறி தவறுவன. எனவே, தொலைவில் நிற்பவன் கண்ணிற்பட்டாலும் பேரிடர் இல்லை.

இந்தியாவின் வெம்மை இம்முறையை ஓரளவு மாற்றிற்று. தடித்த செந்நிறக் கம்பளி அங்கியைக் கோடைக்காலத்தில் உடுத்தலாற்றாத வீரர், டிரில் எனப்படும் தடித்த பருத்தித் துணியாலான வெண்ணிற உடையை உடுத்தனர். அது வெயிலுக்கு ஏற்றது. ஆனால், செம்மண்ணும் பாறையும் புழுதியும் நிறைந்த வடமேற்கு எல்லைப்புறத்தில், வெள்ளுடை உடுத்தவன் மலைச்சரிவில் நிற்கும்போது பல பாகதூரத்துக்கு அப்பாலிருந்தே காணப்படுவான். அவ்வெல்லைப்புறத்து மக்களோ நீண்ட துப்பாக்கிகளைக் கொண்டு மறைந்திருந்து குறிவைப்பதில் வல்லவர்.

பெசாவரில் ஒரு தொடக்கம்

1846-ஆம் ஆண்டு இறுதியில், பஞ்சாபின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஹென்றி லோரன்சின் எண்ணப்படி, 'வழிகாட்டிகள்' என்னும் பொருள்படும் 'கைட்ஸ்' என்ற புதிய படையணி ஒன்று பெசாவரில் அமைக்கப்பட்டது. அதனை அமைத்தவர் ஹரி லம்ஸ்டன் என்னும் இளம் அதிகாரி. தொடக்கத்தில் அவ்வணியில் ஒரு குதிரைப் பிரிவும் இரண்டு காலாட் பிரிவுகளுமாக ஏறக்குறைய 300 பேரே இருந்தனர். எல்லைப்புறத்தின் வழிகளையும் மொழிகளையும் அறிந்தோரைக் கொண்டு செய்தி சேர்த்தலும், விரைந்து சென்று தாக்குதலும் அதன் பணிகள். இத்தகைய பணிக்குச் செந்நிற அங்கியும் வெண்ணிற உடையும் ஏலா என லம்ஸ்டன் உணர்ந்தார்.

அவர் செய்தது எளியதொரு செயல். வெள்ளைப் பருத்தித் துணியை வாங்கி, அந்நிலத்தின் நிறத்தையே அதற்கு ஏற்றுமாறு செய்தார். துணியை ஆற்றில் நனைத்துச் சேறு பூசித் தேய்த்து உலர்த்தினர் என்பது ஒரு செய்தி. அம்மலைப்பகுதியில் வளரும் மசாரி என்னும் குட்டைப் பனையினின்றும் சாயம் எடுத்தனர் என்பதும், அச்சாயத்தை ஏற்காத தோலாடைகளுக்கு முசுக்கட்டைச் சாறு பயன்பட்டதென்பதும் வேறு செய்திகள். இவற்றுள் எதனைக் கொள்ளினும், அங்கே பயன்பட்டவை அயலிற் கிடைத்த மண்ணும் மரமும் நீருமே என்பது தெளிவு. பெயரும் அவ்வாறே வந்தது. பாரசீக மொழியிற் 'காக்' என்பது மண்ணையும் தூசியையும் குறிக்கும். 'காக்கி' எனின் மண்ணைப் போன்றது என்பது பொருள். உருது வழியாக ஆங்கிலத்திற் புகுந்த இச்சொல் தமிழிலும் நிலைபெற்றுவிட்டது.

லம்ஸ்டனின் துணை அதிகாரியாயிருந்த ஹொட்சன், படையணி பெருகியபோது, மங்கிய மண்ணிறத் துணியை இங்கிலாந்திலிருந்து வருவிக்க முயன்றார். ஆயினும், எல்லைப்புறத்து அணிகளின் உடை நெடுங்காலம் உள்ளூர்ச் சாயத்தையே நம்பியிருந்தது.

காக்கியின் பிறப்பிடம் என உரிமை கோரப்படும் மற்றோர் ஊரும் உண்டு. மேற்குக் கரையிலுள்ள மங்களூரில் பாசல் மிஷன் நடாத்திய நெசவாலையில், 1850-களின் தொடக்கத்தில் ஹாலர் என்னும் நெசவு வல்லுநர் காக்கிச் சாயத்தைக் கண்டறிந்தார் என்பது அம்மிஷனின் மரபுரை. இரண்டு உரிமைகளும் ஒன்றையொன்று மறுக்கவேண்டியதில்லை. பெசாவரில் தேவைப்பட்டது மறைந்து நிற்கும் நிறம். மங்களூரில் தேடப்பட்டது துணிக்கு ஏற்ற, விலைபோகக்கூடிய நிறம். ஒரே காலத்தில் இரு வேறு தேவைகள் ஒரே மண்ணிறத்தை நாடின எனலாம்.

1857-ஆம் ஆண்டுக் கோடை

பெசாவரிற் சில நூறு பேருக்குரியதாயிருந்த வழக்கம், 1857-ஆம் ஆண்டில் பல்லாயிரம் பேருக்குரியதாயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் மீரட்டிற் கிளர்ச்சி மூண்டது. வடஇந்தியாவிற் கோடை கடுமையாயிருந்த காலம் அது. பிரித்தானியப் படையணிகள் வெண்ணிறக் கோடையுடையில் இருந்தன. கிளர்ச்சியாளருட் பலரும் கும்பினியார் தந்த உடையையோ வெண்ணிற உடையையோ அணிந்தே போரிட்டனர். வெள்ளுடை வெயிலிற் பளிச்சிட்டதுடன், விரைவில் அழுக்கேறியது; நெடுவழி நடக்கும் படைக்கு நாள்தோறும் அதனை வெளுத்துக்கொள்ளல் இயலாததாயிற்று.

கைட்ஸ் படையணி மர்தானிலிருந்து ஏறக்குறைய 580 மைல் தூரத்தை 22 நாட்களிற் கடந்து, யூன் 9-ஆந் திகதி தில்லியை அடைந்தது. மண்ணிற உடையின் தகுதியை ஏனைய அணிகள் அங்கே கண்கூடாகக் கண்டன. சியால்கோட்டிலிருந்த 52-ஆவது காலாட்படை, நிக்கல்சனின் படையுடன் சேர்ந்து புறப்படுமுன்னரே தன் வெள்ளுடைகளைச் சாயத்தில் தோய்த்துக்கொண்டது. தில்லி முற்றுகையில் ஈடுபட்ட ஏனைய அணிகள் பலவும் அவ்வாறே செய்தன.

எதனாற் சாயமிட்டனர் என்பதற்குக் கிடைக்கும் பட்டியல் வியப்பைத் தருவது. தேயிலை, கோப்பி, சேறு, முசுக்கட்டைச் சாறு, எழுதும் மை, கறித்தூள் ஆகியன அதிற் காணப்படுகின்றன. இவை யாவும் சமையலறையிலும் எழுத்தர் மேசையிலும் இருந்த பொருள்கள். படையணிகளைப் பின்தொடர்ந்து சென்ற கடைத்தெருக்களிற் சாயக்காரரும் சலவைத் தொழிலாளரும் இருந்தனர். அதிகாரிகளின் பெயர்களை ஏடுகள் காத்து வைத்துள்ளன. தாழியிற் கையிட்டுத் துணியைப் புரட்டிய அத்தொழிலாளரின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

இம்முயற்சியின் பயன் யாதாயிற்று? மறைவு கிடைத்தது, ஒருமைப்பாடு கிடைக்கவில்லை. ஓர் அணி சாம்பல் நிறமாகவும், மற்றோர் அணி கபில நிறமாகவும், வேறோர் அணி நீலம் கலந்த மங்கல் நிறமாகவும் தோன்றின. ஓரணியினுள்ளேயே இருவர் உடை ஒத்திருக்கவில்லை. சில முறை வெளுத்தபின் ஒரே மனிதனின் சட்டையும் காற்சட்டையும் கூட வேறுபட்டன.

சாயம் ஏன் நிற்கவில்லை?

இவ்வேறுபாட்டின் காரணத்தை உணர, சாயத் தொழிலின் அடிப்படை ஒன்றை அறிதல் வேண்டும். கறைப்படுதல் வேறு; சாயமேறுதல் வேறு. நிறப்பொருள் நாரின் மேல் ஒட்டிக்கொண்டால் அது கறை. நீரும் வெயிலும் அதனை அகற்றிவிடும். நாருடன் இறுகப் பிணைந்து நீரிற் கரையாத நிலையை அடையுமாயின் அதுவே சாயம். கம்பளியும் பட்டும் பல சாயங்களை எளிதில் ஏற்கும். பருத்தியோ பெரும்பாலான இயற்கைச் சாயங்களைத் தானாகப் பற்றிக்கொள்வதில்லை. இடையே ஒரு பற்றுப்பொருள் வேண்டும்.

ஈழத்துத் தமிழர் இதனைச் சாயவேரிற் கண்டுள்ளனர். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணப் பகுதிகளிலும் கிண்டியெடுக்கப்பட்ட சாயவேர் அரசுக்கு வருவாய் தந்த பொருள். அவ்வேரை அவித்த நீரில் வெறுந்துணியை இட்டால் நல்ல சிவப்பு நில்லாது. கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளிலும் படிகாரத்திலும் துணியை முன்னதாகப் பதப்படுத்திய பின்னரே செந்நிறம் ஊன்றி நிற்கும். இத்தொழில் வல்லோர் பல நாட்கள் செய்த வேலையை, புறப்படும் அவசரத்தில் இருந்த படைவீரர் ஓரிரவிற் செய்ய முயன்றனர்.

அவர்கள் பயன்படுத்திய பொருள்களை ஒவ்வொன்றாக நோக்கின் விளைவு தெளிவாகும். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருள் பருத்தியில் இளங்கபிலக் கறையைத் தரும். இரும்புடன் சேர்ந்தால் அது சாம்பல் நிறமாகவோ கருமையாகவோ மாறும். அக்காலத்து எழுதும் மையோ துவர்ப்புப் பொருளையும் அன்னபேதி எனப்படும் இரும்பு உப்பையும் சேர்த்தே செய்யப்பட்டது. எனவே, தேயிலையுடன் மை கலந்த தாழியிலிருந்து நீலச் சாம்பல் நிறம் வெளிவந்ததில் வியப்பில்லை. இரும்புச் சட்டியில் அவித்தவனுக்கு ஒரு நிறமும், செப்புப் பாத்திரத்தில் அவித்தவனுக்கு வேறொரு நிறமும் கிடைத்திருக்கும். கறித்தூளின் நிறம் பெரும்பாலும் மஞ்சளினுடையது. மஞ்சள் வெயிலில் விரைந்து வெளிறும். சவர்க்காரமோ உவர்மண்ணோ பட்டால் சிவக்கும் என்பதை மஞ்சட் கறையைத் துவைத்த எவரும் அறிவர். பழச்சாறுகளின் நிறமும் காரம் பட்டவுடன் மாறுவது. சலவைத் தொழிலாளர் காரத்தைக் கொண்டே வெளுத்தனர். ஆகவே, துணியைத் தூய்மையாக்கிய அதே பொருள் அதன் நிறத்தையும் கெடுத்தது.

வெண்மைக்குத் திரும்புதல்

கிளர்ச்சி அடங்கிய சில ஆண்டுகளில், படைத்தலைமை காக்கியைக் கைவிட்டு மீண்டும் வெண்ணிறத்தை ஏற்றது. பிற்காலத்தார் இதனைப் பிடிவாதம் என இகழ்வர். பிடிவாதமும் இருந்ததென்பதை மறுத்தற்கில்லை. அணிவகுப்பின் அழகைப் பெரிதாக மதித்தோர், மங்கி வெளிறிப் பல நிறமாய் நின்ற காக்கியை வெறுத்தனர். ஆனால், அவ்வெறுப்பில் ஓர் உண்மையும் இருந்தது. படையுடை என்பது யாவரும் ஒரே வகையாக உடுத்தும் உடை. ஒருமைப்பாடு இல்லையேல் அது தன் பெயரையே இழக்கின்றது. வீட்டுச் சாயம் உயிரைக் காத்தது. ஆயினும் ஒழுங்கைத் தரவில்லை. ஒழுங்கையும் உயிரையும் ஒருங்கே காக்கும் சாயம் கிடைக்கும் வரையும், அமைதிக் காலத்தில் ஒழுங்கே வென்றது.

போர் வந்தபோதெல்லாம் தாழிகள் மீண்டும் அடுப்பேறின. 1878-ஆம் ஆண்டில் இரண்டாம் ஆப்கானியப் போர் தொடங்கியதும், படையணிகள் தம் வெள்ளுடைகளைத் தேயிலையிலும் பிற பொருள்களிலும் தோய்த்துக்கொண்டன. 1879-இல் தென்னாபிரிக்காவிற் சூலு மக்களுடன் பொருத வீரர் செந்நிற அங்கியையே அணிந்திருந்தனர். எனினும், தம் வெண்ணிறத் தலைக்கவசங்களைத் தேயிலை, கோப்பி ஆகியவற்றாற் கறைப்படுத்திக்கொண்டனர். ஒவ்வொரு போரிலும் வீரர் கண்டறிந்ததை, ஒவ்வோர் அமைதியிலும் தலைமை மறந்தது. முப்பது ஆண்டுகளாக இது நிகழ்ந்தது.

ஆலையின் வெற்றி

இவ்வட்டத்தை உடைத்தது போர்த்தந்திரமன்று, இரசாயனவியல். இங்கிலாந்தின் இலங்காசயர்ப் பகுதியில், அக்கிறிங்ரன் என்னும் ஊரிற் சாயத் தொழில் நடாத்தியவர் பிரெடரிக் ஆல்பேட் கற்றி. 1884-ஆம் ஆண்டில் வெளுத்தாலும் வெயிலில் உலர்த்தினாலும் மங்காத காக்கிச் சாய முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார்.

கனிப்பொருட் காக்கி எனப்படும் சாயத்தின் தத்துவம் எளியது. இரும்பு உப்பும் குரோமிய உப்பும் கரைந்த நீரிற் பருத்தித் துணியைத் தோய்த்து உலர்த்துவர். பின்னர்ச் சூடான காரக் கரைசலினூடே செலுத்துவர். அப்போது அவ்வுலோகங்களின் ஒட்சைட்டுக்கள் நாரின் உள்ளேயே கரையாப் பொருளாகப் படிகின்றன. இரும்பு ஒட்சைட்டுத் துருவின் செங்கபில நிறத்தையும், குரோமிய ஒட்சைட்டுப் பசுமையையும் தரும். இரண்டின் அளவை மாற்றி மண்ணின் எந்த நிறத்தையும் பெறலாம். பழைய சாயங்களைக் கெடுத்த காரமே இங்குச் சாயத்தை நிலைநிறுத்தும் பொருளாயிற்று. லம்ஸ்டனின் வீரர் ஆற்றுச் சேற்றைத் துணியிற் தேய்த்தபோது நாடியதும் இரும்பு கலந்த மண்ணின் நிறத்தையே. ஆலை அந்த மண்ணிறத்தை நாரின் மேற்புறத்திலன்றி உட்புறத்தில் ஊன்றிற்று என்பதே வேறுபாடு.

இதன் பின்னர் நிகழ்ந்தன விரைந்து நிகழ்ந்தன. 1885-இல் இந்தியப் படைகளுக்குக் காக்கி முறைப்படி விதிக்கப்பட்டது. அதே ஆண்டு திசெம்பர் 30-ஆந் திகதி சூடானின் கின்னிஸ் என்னுமிடத்தில் நடந்த போரே, பிரித்தானியர் செந்நிற அங்கியுடன் பொருத கடைசிப் பெரும்போராகக் கருதப்படுகின்றது. 1890-களின் இறுதிக்குள் கடல்கடந்த பணிகள் அனைத்துக்கும் காக்கி உரியதாயிற்று. புகையில்லா வெடிமருந்தும், நெடுந்தூரம் குறிதவறாத துப்பாக்கியும் வந்துவிட்டமையால், பளிச்சிடும் நிறத்துக்கு இருந்த பழைய நியாயமும் அற்றுப்போயிற்று. 1899-இல் தொடங்கிய போவர் போரில், ஸ்கொத்லாந்து வீரர் தம் பாரம்பரியப் பாவாடையின் மேலும் காக்கித் துணியை மறைப்பாகக் கட்டிக்கொண்டனர். 1902-இல் இங்கிலாந்தின் உள்நாட்டுப் படைக்கும் காக்கிக் கம்பளி உடை விதிக்கப்பட்டது. பெசாவரின் ஆற்றங்கரையிலிருந்து இலண்டன் வரையும் செல்ல அந்நிறத்துக்கு 56 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

அமெரிக்காவில் ஒரு சான்று

வீட்டுச் சாயம் படைநிறமாதல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அதே காலப்பகுதியில் அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் (1861–1865) இதனைக் காணலாம். தென்மாநிலங்களின் படைக்குச் சாம்பல் நிற உடை விதிக்கப்பட்டிருந்தது. ஆனால், 1861-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலேயே வடபகுதி அரசாங்கம் தென்பகுதித் துறைமுகங்களை மறித்தது. துணியும் சாயமும் வெளியிலிருந்து வருதல் அருகிற்று. வீடுகளில் மீண்டும் இராட்டினம் சுழன்றது. பெண்கள் தாம் நெய்த துணியை, பட்டர்நட் எனப்படும் ஒருவகை வாதுமை மரத்தின் பட்டையையும் காய்த்தோலையும் அவித்த நீரிற் தோய்த்தனர். நிறம் நிற்பதற்கு அன்னபேதியைச் சேர்த்தனர். மஞ்சள் கலந்த கபில நிறம் அவ்வாறு கிடைத்தது. அந்நிறமே பெயராகி, தென்பகுதி வீரரைப் 'பட்டர்நட்' என்றே அழைக்கும் வழக்கம் உண்டாயிற்று.

இங்கும் அரசு விதித்த நிறம் ஒன்று. வீடு கொடுத்த நிறம் வேறொன்று. இந்திய வீரர் மறைவை நாடிச் சாயமிட்டனர். தென்னமெரிக்க மாநிலங்களல்ல, ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களைச் சேர்ந்த இப்பெண்களோ வறுமையாற் சாயமிட்டனர். எனினும், இருவரும் வந்தடைந்த நிறம் மண்ணின் நிறமே. அருகிலுள்ள மரப்பட்டையும் இரும்பு உப்பும் மலிவாகத் தரக்கூடிய நிறம் அதுவாகையால், இவ்வொற்றுமை தற்செயலானதன்று.

நிறத்தைக் களைதல்

காக்கியின் வரலாற்றில் வீட்டுத் தாழிக்கு மற்றோர் அதிகாரமும் உண்டு. அது முன்னையதற்கு நேர்மாறானது. முதலாம் உலகப் போரின் முடிவில் இலட்சக்கணக்கான பிரித்தானிய வீரர் வீடு திரும்பினர். தமக்கு வழங்கப்பட்ட தடித்த கம்பளி மேலங்கியைப் புகையிரத நிலையத்தில் ஒப்படைத்து ஒரு பவுண் பெற்றுக்கொள்ளலாம். அன்றித் தாமே வைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. குளிர்நாட்டிற் நல்ல மேலங்கி பெறுமதி வாய்ந்தது. ஆனால், போரை மறக்க விரும்பிய ஒருவன் அதே காக்கியுடன் வேலை தேடிச் செல்ல விரும்பான். பித்தளைப் பொத்தான்கள் அகற்றப்பட்டன. அங்கிகள் கருநீலமாகவும் கபிலமாகவும் கருமையாகவும் மாறின.

இவ்வேலையை எளிதாக்கியது செயற்கைச் சாயம். 1856-இல் வில்லியம் பேர்க்கின் முதலாவது செயற்கைச் சாயத்தை உருவாக்கினார். 1884-இல், கற்றி காப்புரிமை பெற்ற அதே ஆண்டில், பற்றுப்பொருள் இன்றியே பருத்தியில் ஏறும் சாயம் ஒன்றை யேர்மனியில் பால் பொட்டிகர் வெளிப்படுத்தினார். அதன் பின்னர், சிறு பொதியிற் கிடைத்த தூளை உப்பிட்ட கொதிநீரிற் கரைத்து, எவரும் தம் வீட்டிலேயே துணிக்குச் சாயமிடக் கூடியதாயிற்று. எனினும், இத்தொழிலுக்கு ஓர் எல்லை உண்டு. சாயம் முன்னிருந்த நிறத்தின் மேல் ஏறுமேயன்றி அதனை நீக்காது. வெண்மையைக் காக்கியாக்கலாம், காக்கியை மீண்டும் வெண்மையாக்குதல் எளிதன்று. காக்கியை மறைக்க அதனினும் கரிய நிறமே வேண்டும். போரிலிருந்து மீண்டோரின் அங்கிகள் கருநீலத்தையும் கருமையையும் நாடியதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் 1941-ஆம் ஆண்டு யூன் 1-ஆந் திகதி முதல் 1949-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரையும் உடைப் பங்கீடு நிலவியது. முதலாண்டில் ஒருவருக்கு 66 பங்கீட்டுச் சீட்டுகளே கிடைத்தன. ஆடவரின் மேலங்கி ஒன்றுக்கே 16 சீட்டுகள் வேண்டும். பழையதைச் செப்பமிட்டு அணியுமாறு அரசாங்கமே 1943-இல் கைந்நூல் வெளியிட்டு ஊக்கியது. வெளிறிய மேலங்கியைச் சாயமிட்டுப் புதிதாக்கலும், கம்பளிப் போர்வையைத் தோய்த்து மேலங்கியாகத் தைத்தலும் அக்காலத்து இல்லங்களில் நிகழ்ந்தன.

தோல்வியுற்ற யேர்மனியில் இத்தேவை இன்னுங் கடுமையாயிருந்தது. நேச நாடுகளின் கட்டுப்பாட்டுச் சபை 1945-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆந் திகதி இயற்றிய எட்டாவது சட்டம் படையுடையையும் சின்னங்களையும் அணிதலைத் தடைசெய்தது. ஆனால், வீடு திரும்பிய வீரர் பலரிடம் வேறு உடை இல்லை. கடைகளிலும் துணி இல்லை. சின்னங்களைப் பிய்த்தெறிந்து, சாம்பல் நிற உடையைக் கருமையாகவோ கபிலமாகவோ கருநீலமாகவோ மாற்றியே குளிரைத் தாங்கினர். முன்னாளிற் பகைவன் கண்ணிற் படாதிருக்க வீரன் தன் உடையின் நிறத்தை மாற்றினான். இப்போது அயலவன் கண்ணில் மீண்டும் மனிதனாகத் தோன்ற நிறத்தை மாற்றினான்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, ஒரு தேவையை முதலில் உணர்வோர் அதன் துன்பத்தை நுகர்வோரே என்பது. வெள்ளுடையுடன் புழுதி நிலத்தில் நின்றவன் ஓரிரவில் உணர்ந்ததைப் படைத்தலைமை உணர நாற்பது ஆண்டுகள் சென்றன. இரண்டாவது, தேவையை உணர்தல் மட்டும் போதாது; அதனை நிலைபெறச் செய்யும் அறிவும் வேண்டும் என்பது. கறித்தூளும் தேயிலையும் ஒரு போருக்கு உதவின. இரும்பினதும் குரோமியத்தினதும் இயல்பை அறிந்த அறிவே அந்நிறத்தை நூற்றாண்டைக் கடந்து நிற்கச் செய்தது. அனுபவம் வழியைக் காட்டிற்று. இரசாயனவியல் அவ்வழியைச் செப்பமிட்டது. ஒன்றை விடுத்து மற்றொன்றைப் போற்றுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

காக்கி பின்னர் அதிகாரத்தின் நிறமாயிற்று. அதனைக் கண்டு அஞ்சினோரும் உளர்; அதனை உடுத்துப் பெருமை கொண்டோரும் உளர். ஆனால், அந்நிறத்தின் தொடக்கத்தில் இருந்தது அதிகாரமன்று, அச்சம். உயிருடன் வீடு திரும்பவேண்டும் என்னும் எளிய மனித விருப்பம். அவ்விருப்பத்துக்குத் துணையாய் அடுப்பை மூட்டித் தாழியிற் துணியைப் புரட்டிய பெயரறியாத சாயக்காரருக்கும் சலவைத் தொழிலாளருக்கும் இல்லத்துப் பெண்களுக்கும் காக்கியின் வரலாற்றில் உரிய இடம் உண்டு.